மடக்குக் கத்தி கையில நிக்கலியா? முதல்ல கைய காட்டுங்க

பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் சாவி போடுத கடை நம்மளுது, கூடவே சாணையும் பிடிக்கிறோம், அதனால மடக்குக் கத்தி வராத வாரமே கெடையாது. வாழைத்தோப்புக்காரர், நர்சரியில ஒட்டு கட்டுத அண்ணாச்சி, வயர் சீவுத எலக்ட்ரீசியன் தம்பி, துபாய்ல இருந்து மச்சான் வாங்கியாந்தத ஷோகேஸ்ல வச்சிருந்துட்டு இப்பதான் வெளிய எடுத்த சார்வாள், எல்லார் வாயிலயும் ஒரே பாட்டுதான், "பிடி சரியில்ல, கொஞ்சம் சொரசொரன்னு ஆக்கித் தாங்க". நான் கத்திய வாங்கவே மாட்டேன், கைய காட்டுங்கம்பேன். கொப்புளம் எங்க இருக்கு, எந்த எடம் செவந்திருக்கு, எந்த விரல்ல பிளாஸ்திரி, அதுலயே பாதி வெளங்கிரும். அரத்த எடுத்து ராவிட்டா ராவினதுதான், பொறவு ஒட்ட வைக்க முடியாது. அதனால உங்க கத்திக்கு என்ன கோளாறோ அந்தத் தலைப்புக்குப் போங்க, காசில்லாத வேலையில இருந்து ஒண்ணொண்ணா பாத்துக்கிட்டே வாங்க.

எதுக்கும் முன்னாடி: லாக் நிக்குதா?

திறந்த பிளேடு தானா மடங்காம பிடிக்குத பூட்டுதான் லாக், அத சோதிக்கது ஒரு நிமிஷ வேலை. கத்திய முழுசா திறந்துக்கிடுங்க, பிளேடு மடங்கி வார பாதையில ஒரு விரல்கூட இல்லாத மாதிரி பிடிய ரெண்டு பக்கமும் நுனி விரலால பிடிங்க, பிளேடோட முதுக ஒரு மரக்கட்டையில வச்சு பைய அழுத்துங்க. அசையாம நின்னா சரி. லாக் கழண்டு மடங்க ஆரம்பிச்சா இதுக்கு மேல படிக்க வேண்டாம், பிடிய என்ன செஞ்சாலும் அந்தக் கத்தி ஒருநாள் விரல வாங்கும், நேரா பட்டறைக்கு கொண்டு போங்க.

லாக்கே இல்லாம ஸ்பிரிங் தெம்புல மட்டும் நிக்கிற பேனாக்கத்தி இருக்குல்லா, சுவிஸ் ஆர்மி கத்தியில முக்காவாசி அப்படித்தான், அது அழுத்தினா மடங்கத்தான் செய்யும், அது கோளாறு இல்ல, அதோட குணம். அதுல குத்துத வேலை, முதுகுல விரல வச்சு அழுத்துத வேலை ரெண்டும் ஆகாது.

## கோளாறு 1: நனைஞ்ச கையில வழுக்குது

முதல் சந்தேகம்: அழுக்கு

சிரிக்காதீங்க, வாரதுல பாதிக்கு மேல இதுதான். போன ஐப்பசியில களக்காட்டுப் பக்கமிருந்து ஒரு பெரியவர் வந்தாவ, நைலான் பிடி போட்ட கத்தி, தொட்டா கண்ணாடி மாதிரி இருக்கு, புதுசுல நல்லா நின்னுச்சு இப்ப தேஞ்சு போச்சு தம்பின்னாவ. நகத்தால கீறிப் பாத்தேன், நகத்துக்கடியில கருப்பா மெழுகு மாதிரி வருது. வருசக்கணக்கான வாழைக்கறை, வேர்வை, பிளேடுக்கு போட்ட எண்ணெ எல்லாம் சேந்து பள்ளத்தையெல்லாம் அடைச்சு மேல பாலிஷ் போட்ட மாதிரி ஒக்காந்திருக்கு. சுடுதண்ணியில பாத்திரம் கழுவுத சோப்ப கலக்கி, பழைய டூத் பிரஷ்ஷால தேச்சா டீ டிக்காஷன் நெறத்துல தண்ணி எறங்குது, மூணாவது தண்ணியிலதான் பிடியில கட்டம் கட்டமா சொரசொரப்பு தெரிஞ்சுச்சு. "அட மூதி, இது இப்படியா இருந்துச்சு"ன்னு அவரே தடவித் தடவி பாத்தாவ. காசு வாங்கல, டீ வாங்கி குடுத்துட்டுப் போனாவ.

ஆக முதல்ல கழுவுங்க. பலாப்பால், மாங்காப்பால் ஒட்டியிருந்தா சோப்புக்கு அசையாது, தேங்காண்ணெய தேச்சு ஊறவிட்டு துணியால வழிச்சுட்டு, அதுக்கப்புறம் அந்த எண்ணெயும் போற வரைக்கும் சோப்பு போடணும். எண்ணெயோட விட்டுட்டா பழைய குருடி கததான். பிளாஸ்டிக் பிடியில தின்னர், நெயில் பாலிஷ் எடுக்குற அசிட்டோன் இதெல்லாம் படவே கூடாது, சுவிஸ் கத்தியோட செவப்பு பிடி அசிட்டோன் பட்டா இளகி மங்கிரும். கழுவினதும் பிளேடு வேருல இருக்குத ஈரத்த துடைச்சு, அச்சுல மட்டும் ஒரே ஒரு சொட்டு எண்ணெ. நம்மாளுங்க கத்திக்கு எண்ணெ போடுங்கன்னா கத்தியையே எண்ணெயில குளிப்பாட்டுதாங்க, வழுக்குததுக்கு அதுவே ஒரு காரணம்.

கழுவியும் வழுக்குதா?

சோதிக்கிறது லேசு. கத்திய மடக்கியே வச்சுக்கிடுங்க, கைய சோப்புத் தண்ணியில முக்கி, பிடிய இறுக்கி பிடிங்க, இன்னொரு கையால நுனிய பிடிச்சு இழுங்க, அப்புறம் திருகுங்க. இழுத்தா வருது ஆனா திருகினா நிக்குதுன்னா மேல்பக்கம்தான் வழவழப்பு. திருகினாலும் சுத்துதுன்னா பிடியோட வடிவமே உருண்டையா இருக்கு, உங்க கைக்கு மெலிசாவும் இருக்கும், கோளாறு 5க்கு போங்க, சொரசொரப்ப கூட்டி பிரயோஜனம் இல்ல.

வழவழப்புன்னா சில்லறை வைத்தியம் முதல்ல: மாடிப்படியில ஒட்டுத சொரசொர டேப் ஹார்டுவேர் கடையில மீட்டர் கணக்குல கெடைக்கும், அதுல ரெண்டு துண்டு வெட்டி பிடியோட ரெண்டு பக்கமும் ஒட்டுங்க. லாக்க விடுவிக்கிற எடத்துல மட்டும் ஒட்டாதீங்க. சைக்கிள் டியூப்ப வளையமா வெட்டி மாட்டலாமேன்னு எல்லாரும் கேக்குதாங்க, அருவாளுக்கு மாட்டலாம், மடக்குக் கத்திக்கு மாட்டினா பிளேடு மடங்குத பள்ளத்த அடைச்சிரும், பிளேடு பாதியில ரப்பர்ல மாட்டி நிக்கும், மடங்கிருச்சுன்னு நெனச்சு பாக்கெட்ல போட்டா போச்சு.

அடுத்தது உப்புத்தாள். மைக்கார்ட்டான்னு ஒரு பிடி வரும், துணிய பிசின்ல அடுக்கி அழுத்தினது, சில கம்பெனி அத பளபளன்னு பாலிஷ் பண்ணி விக்குது, அதுக்கு 320 நம்பர் உப்புத்தாள் லேசா ஓட்டி பாலிஷ எடுத்துட்டா போதும், துணி நூல் வெளிய வந்து ஈரத்துல இன்னும் நல்லா பிடிக்கும். ஜி-10ங்கிறது கண்ணாடி நார் அடுக்கினது, அத தேய்க்கறதா இருந்தா தண்ணி விட்டு நனைச்சே தேயுங்க, மூஞ்சில மாஸ்க் கட்டிக்கிடுங்க, அந்தத் தூசி நெஞ்சுக்கு ஆகாது, தோல்ல பட்டா ரெண்டு நாளைக்கு அரிக்கும்.

பட்டறைக்கு எப்ப: ஸ்டீல் பிடி, அலுமினியப் பிடின்னா வீட்ல உப்புத்தாள் போட்டா கோடு கோடா அசிங்கமா நிக்குமே தவிர பிடிக்காது. கழட்டி மணல் அடிக்கணும், அலுமினியத்துல சாயம் போயிரும், தெரிஞ்சுக்கிட்டு குடுங்க. இல்லன்னா அந்த மாடலுக்கு வேற பிடி தனியா விக்குதான்னு பாருங்க, சில நேரம் கத்தி வெலையில பாதிய அதுவே முழுங்கிரும்.

## கோளாறு 2: பத்து நிமிஷம் அறுத்தா உள்ளங்கை எரியுது, கொப்புளிக்குது

இதுக்குத்தான் நான் கைய காட்டச் சொல்லுதது. வழுக்குது வழுக்குதுன்னு வாரவங்கள்லயும் பலபேருக்கு அசல் கோளாறு இது, வலிக்குதேன்னு பிடிய தளத்திருவாங்க, தளத்தினா வழுக்கத்தானே செய்யும். அவங்க கத்திய இன்னும் சொரசொரப்பாக்கினா எரியுத கொள்ளியில எண்ணெ ஊத்தின கததான்.

எந்த எடம் கடிக்குதுன்னு கண்டுபிடிக்க கேரம் போர்டு பவுடர் போதும். கழுவித் தொடச்ச பிடியில பவுடர மெலிசா தூவி ஒரு அட்டைப் பெட்டிய அஞ்சு நிமிஷம் கிழிங்க. பிடியில பவுடர் எங்க சுத்தமா தொடச்சு போயிருக்கோ அங்கதான் கை பூராவும் அழுந்துது. அந்த எடத்துக்கு நேரா கையிலயும் செவந்திருந்தா ஆள் மாட்டிக்கிட்டான்.

உள்ளங்கை நடுவுல நீளவாக்குல செவப்பு: கிளிப். கத்தியில பாக்கெட் கிளிப்ங்கிறத 1981ல ஸ்பைடெர்கோங்கிற அமெரிக்கக் கம்பெனி பிரபலமாக்கினதுல இருந்து நெறைய கம்பெனி வைக்குது, ஆனா அது பாக்கெட்டுக்கு செஞ்ச சாமான், கைக்கு செஞ்சதில்ல. கழட்டிட்டு ஒரு நாள் வேலை பாருங்க. நட்சத்திர மூஞ்சி உள்ள டார்க்ஸ் பிட் வேணும், அனேகமா டி6 இல்ல டி8, மொபைல் சர்வீஸ் கடைக்காரன்கிட்ட இருக்கும், சாதா ஸ்க்ரூ டிரைவர விட்டு நோண்டினா ஸ்க்ரூ தலை வழுக்கி வட்டமாயிரும், அப்புறம் அத எடுக்க என்கிட்டதான் வரணும். எரிச்சல் போயிட்டா கிளிப்ப எதிர்பக்கம் மாட்ட ஓட்டை இருக்கான்னு பாருங்க, இடது கைக்காரங்களுக்கு பாதிப் பிரச்சனை இதுலயே தீந்துரும். இல்லன்னா கிளிப் இல்லாமலே வச்சுக்கிடுங்க, தேஞ்சா போயிருவோம்.

விரல் மடிப்புகள்ல கோடு கோடா செவப்பு: பிடிக்கு நடுவுல இருக்குத தகடோட ஓரம் கூரா இருக்கு. நகத்த அது மேல இழுத்துப் பாருங்க, நகம் சுருள் சுருளா சீவி வந்தா அதேதான். 400 நம்பர் எமரிய ஐஸ் குச்சியில சுத்தி ஓரத்த மட்டும் லேசா மழுக்கணும், அப்புறம் 600. லாக் தகடு பிளேடோட அடிய போயி முட்டுத நுனி இருக்கு பாருங்க, அங்க எமரி படவே கூடாது, மயிரளவு தேஞ்சாலும் லாக் நிக்காது.

கை பூரா அரம் போட்ட மாதிரி: சொரசொரப்பு அதிகம். இது என் சொந்த அனுபவம், நானே எனக்கு செஞ்சுக்கிட்டது. கடை ஆரம்பிச்ச புதுசுல, நல்லா பிடிக்கட்டும்னு என் கத்தியோட மரப்பிடியில கரட்டு அரத்தால குறுக்கும் நெடுக்கும் கோடு இழுத்தேன், பாக்க பிரமாதம். ஒரு கல்யாண வீட்டுக்கு சாக்கு தைக்கிற சணல் கயித்த முழுநாள் அறுத்தேன், சாயங்காலம் சோத்துல கை வைக்க முடியல, ரசம் பட்டு எரிஞ்ச எரிச்சல்ல கண்ணுல தண்ணி. அதுக்கப்புறம் அந்தக் கோடெல்லாம் மறையுத வரைக்கும் ரெண்டு நாள் உப்புத்தாள் போட்டேன், பிடி சுண்டுவிரல் மாதிரி மெலிஞ்சு போச்சு. சொரசொரப்பு ரெண்டு நிமிஷம் வெட்டுத வேலைக்கு சொகம், நாள் பூரா வேலைக்கு வடிவம்தான் தாங்கும்.

## கோளாறு 3: விரல் முன்னால வழுக்கி பிளேடு பக்கம் போவுது

இருக்கறதுலயே ஆபத்தானது இதுதான், இத ஒத்திப்போடாதீங்க.

*கூரு மழுங்கியிருக்கா?* தினத்தந்தி பேப்பர ஒரு கையில தொங்கவிட்டு வெட்டிப் பாருங்க, கிழிச்சா மழுங்கல். மழுங்கின கத்திய தள்ளித் தள்ளி வெட்டுவோம், அந்தத் தள்ளுல விரல் முன்னால ஓடுது. சாணை பிடிச்சா பிடியைப் பத்தின புகாரே காணாம போயிரும், நெசமாத்தான்.

*எந்த வேலையில நடக்குது?* குத்தித் திறக்குத வேலையிலயா, அதாவது நொங்கு கண்ண தோண்டுதது, பெயிண்ட் டின் மூடிய நெம்புதது, சாக்குல ஓட்டை போடுதது? அப்ப கத்திய மாத்த வேண்டாம், வேலைய மாத்துங்க. மடக்குக் கத்தி இழுத்து அறுக்கத்தான். நொங்குக்கு அருவா இருக்கு, கண்ண தோண்ட கட்டைவிரல் இருக்கு, டின்னுக்கு பழைய ஸ்பூன் இருக்கு.

*இழுத்து அறுக்கும்போதே போவுதா?* பிடியும் பிளேடும் சேருத எடத்துல ஆள்காட்டி விரலுக்கு ஒரு தடுப்போ வளைவோ இருக்கான்னு கண்ண மூடிக்கிட்டு, கத்திய மடக்கி வச்சே தடவிப் பாருங்க. விரல் எங்கயும் தட்டாம நேரா ஓடுதுன்னா அது டிசைன் குறை, டேப்பு கீப்பு ஒட்டி சரியாகாது. லெட்டர் பிரிக்க, ஆப்பிள் சீவ வச்சுக்கிடலாம், தோட்டத்துக்கு வேற கத்தி வாங்குங்க.

பிளேடு முதுகுல கட்டைவிரல் நிக்க குட்டிக்குட்டி வெட்டு போட்டிருப்பாங்க, ஜிம்பிங்னு சொல்லுவாங்க. அது இல்லாத கத்திக்கு போட்டுத் தரச் சொல்லி கேக்குதாங்க. பிளேடு பதம் ஏத்தின இரும்பு, சாதா அரம் அதுல கடிக்காது, வழுக்கிட்டே போவும், கிரைண்டர்ல வச்சா சூடேறி பதம் போயிரும், பிளேடு நீல நெறமா மாறினா அந்த எடத்துல இனி கூரு நிக்காது. தண்ணி தொட்டுத் தொட்டு பைய செய்யத் தெரிஞ்ச ஆள்கிட்டதான் குடுக்கணும், நானே பாதிக்கு மேல மாட்டேன்னுதான் சொல்லுவேன்.

ஆஸ்பத்திரிக்கு எப்ப: வெட்டு விழுந்துட்டா சுத்தமான துணிய வச்சு அழுத்தி கைய ஒசத்திப் பிடிங்க. கால் மணி நேரம் விடாம அழுத்தியும் ரத்தம் நிக்கல, இல்ல விரல மடக்க நீட்ட முடியல, இல்ல நுனியில தொட்டா உணர்வே இல்லன்னா நரம்பு, தசைநார் அறுந்திருக்கலாம், காப்பித்தூள அப்பிக்கிட்டு இருக்காம ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரிக்கு வண்டிய விடுங்க. டிடி ஊசி கடைசியா எப்ப போட்டீங்கன்னு அங்க கேப்பாங்க.

## கோளாறு 4: பிடி லொடலொடங்குது

ஆடுதது பிளேடா பிடியான்னு முதல்ல பிரிக்கணும். மடக்கி வச்சு பிடியோட ரெண்டு பக்கத் தகட்டையும் எதிரெதிரா தேய்ச்சுப் பாருங்க, நகந்தா பிடி. நகரல, திறந்தா மட்டும் பிளேடு பக்கவாட்டுல ஆடுதுன்னா அச்சு ஸ்க்ரூ, கால் சுத்துக்கும் கம்மியா இறுக்கி, பிளேடு சிக்காம மடங்குதான்னு பாத்து, மறுபடி கொஞ்சம்.

பிடி ஸ்க்ரூ கழண்டு கழண்டு வந்தா கழட்டி எண்ணெய தொடச்சுட்டு மரையில நீல லாக்டைட், அதாவது ஸ்க்ரூ கழலாம பிடிக்குத பசை, ஒரு சொட்டு. செவப்ப வாங்கிராதீங்க, சூடு காட்டாம கழலாது. அவசரத்துக்கு வீட்ல இருக்குத நெயில் பாலிஷே போதும், அச்சுக்குள்ள எறங்காம பாத்துக்கிடுங்க. ரிவெட் அடிச்ச பிடின்னா பைய ரெண்டு தட்டு தட்டலாம்தான், எலும்பு, கொம்புப் பிடின்னா ஒரு தட்டு கூடினாலும் விரிசல், பட்டறைக்கு குடுத்துருங்க. பிளாஸ்டிக் பிடி கழண்டா அரால்டைட் போட்டு துணி சுத்தி ஒரு ராத்திரி கட்டி வையுங்க.

## கோளாறு 5: வழுக்கல, எரியல, ஆனா கை கடுக்குது

நாலு விரலும் பிடிக்குள்ள ஒக்காருதான்னு பாருங்க. சுண்டுவிரல் வெளிய தொங்கினா மூணு விரல் நாலு விரல் வேலைய செய்யுது, கடுக்காம என்ன செய்யும். சுவிஸ் கத்தியில நம்ம ஊர்ல அதிகம் பாக்குத சைசு மடக்கினா 91 மில்லிமீட்டர், பெரிய கைக்காரங்களுக்கு அது பத்தாது. கையோட குறுக்களவ ஸ்கேல் வச்சு எடுங்க, கட்டைவிரல விட்டுட்டு, பிடி அதவிட ஒரு செண்டிமீட்டராவது நீளமா இருக்கணும்.

நீளம் சரி, தடிமன்தான் பத்தலன்னா ரெண்டு பக்கமும் ஒரு அடுக்கு மெல்லிய ரப்பர் ஷீட் ஒட்டி ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க, சொகமா இருந்தா அப்புறம் தடிமனான பிடிக்கு செலவு பண்ணலாம். கத்திய கீழ வச்ச பொறவும் விரல் மரத்தே இருக்கு, ராத்திரியிலயும் மதமதங்குதுன்னா அது டாக்டர் வேலை.

## கோளாறு 6: மரப்பிடி ஊதிப் போயி பிளேடு திறக்க வரல

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே அது, இங்க ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டெல்லாம் தண்ணிக்குள்ள. அதுக்கப்புறம் ரெண்டு மாசம் எனக்கு வந்த கத்தியெல்லாம் இந்த வியாதிதான், அதுல ஒண்ணு ஓப்பினெல், பிரான்ஸ்ல 1890ல இருந்து செய்யுத கத்தி, பீச் மரப்பிடி. அந்த மரம் தண்ணி குடிச்சா ஊதும், பள்ளம் சுருங்கி பிளேட கவ்விக்கும்.

பிளையர போட்டு இழுக்காதீங்க. ஓப்பினெல்ல பிடியோட முன்பக்கம் லாக்குக்கு ஒரு வளையம் இருக்கும், அத பூட்டாத நிலைக்கு திருப்பிட்டு, பிடியோட அடிப்பக்கத்த மேசை ஓரத்துல டக்குனு ஒரு தட்டு தட்டினா பிளேடு கொஞ்சம் எட்டிப் பாக்கும், அந்த ஊர்க்காரங்களே அப்படித்தான் திறக்காங்க. வரலன்னா நெழல்ல, காத்தோட்டமா, ஒரு வாரம் பத்து நாள் போடுங்க. வெயில்ல வச்சா, அதுவும் நம்ம ஊர் வெயில்ல, மரம் வெடிச்சிரும்.

நான் பொறுக்கல. அந்த ஓப்பினெல்ல காயுததுக்கு முன்னாடியே பள்ளத்துக்குள்ள உப்புத்தாள விட்டு தேச்சு, பிளேடு வழுக்கிட்டு வந்துருச்சுன்னு குடுத்தனுப்பிட்டேன். சித்திரையில அந்த மனுசன் திரும்ப வாராரு, மரம் நல்லா காஞ்சு பள்ளம் விரிஞ்சு பிளேடு தானா தொங்குது. அச்சு ஆணிய இறுக்கி ஒருமாதிரி ஒப்பேத்திக் குடுத்தேன், பழைய மாதிரி வரல. முழுசா காஞ்சும் சிக்கினாத்தான் பள்ளத்த தேய்க்கணும், அப்புறம் ஆளிவிதை எண்ணெய உள்ளயும் வெளியும் பூசி ரெண்டு மூணு நாள் ஆறவிட்டா அடுத்த மழைக்கு கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். எண்ணெ தொடச்ச துணிய சுருட்டிப் போடாதீங்க, தானா சூடேறி பத்திக்கும், விரிச்சு காயப்போடுங்க.

## கோளாறு 7: ரப்பர் பிடி பிசுபிசுங்குது

பைக் டேங்க் கவர்லயும் கார் டாஷ்போர்டுலயும் கெடந்த கத்திக்கு வாரது. மேல பூசின மெல்லிசு ரப்பர் சூட்டுலயும் ஈரப்பதத்துலயும் மக்கி இளகுது, புளி உருண்டைய தொட்ட மாதிரி இருக்கும், தூசி பூரா ஒட்டும். சோப்புக்கு கேக்காது. மெடிக்கல்ல கெடைக்குத சர்ஜிகல் ஸ்பிரிட்ட துணியில தொட்டு தேயுங்க, கருப்பா உரிஞ்சு வரும், அந்த ரப்பர் பூச்சு பூராவும் போயிட்டு அடியில கெட்டி பிளாஸ்டிக் தெரியும், அதுல டேப் ஒட்டிக்கிடலாம். அடியில பிளாஸ்டிக்கே இல்லாம முழு ரப்பரா இருந்தா ஒண்ணும் செய்ய முடியாது. பவுடர் போட்டா சரியாயிரும்னு யூடியூப்ல பாத்துட்டு வந்தான் ஒரு தம்பி, சரி போடுன்னேன், நாலு நாள் நல்லாத்தான் இருந்துச்சு, அஞ்சாவது நாள் வெள்ளைப் புளி உருண்டையா கொண்டுவந்து மேசையில வச்சான்.